ஒத்த ஸ்டாரும் எட்டாவது மாடியும்

இல்ல சார், நீங்க மனுஷன்தான்னு எனக்குத் தெரியுது. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டிருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? நான் நம்பிட்டேன். நம்ப மாட்டேங்கறது எங்க மாப்பிள்ளைதான்.

முதல்ல உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி குடிங்க. லிஃப்ட் நின்னு நாலு நாளாச்சு சார், ஆள் அனுப்பறோம்னாங்க, வரல. தெரியும் தெரியும், நீங்களே லிஃப்ட் மெக்கானிக்தான், கமெண்ட்ல நூறு தடவை எழுதியிருக்கீங்களே. அதுக்காக இப்ப எந்திரிச்சுப் போய் அதைக் கழட்ட ஆரம்பிச்சுடாதீங்க. மணி நாலு அஞ்சு. அஞ்சு மணிக்குள்ள உங்க விஷயத்தை முடிச்சாகணும்.

மாப்பிள்ளைன்னா என் மாப்பிள்ளை இல்ல சார். எனக்கு ஒரே பையன், அவனுக்கே இன்னும் பொண்ணு பாக்கல. இது போன மாசம் ஆபீஸ்ல வாங்கின சாஃப்ட்வேர். பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர். பெருசா ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கு, யாருக்கும் வாயில நுழையல. வந்த நாள்லேர்ந்து எடிட்டர் அதைத் தாங்கறதைப் பாத்துட்டு நாங்க வச்ச பேர் மாப்பிள்ளை. அது சொன்னா சொன்னதுதான். எதுத்து ஒரு வார்த்தை பேச முடியாது. ஒரு நாள் அது கோவிச்சுக்கிட்டு நின்னுபோச்சு, எடிட்டருக்கு சோறு இறங்கல சார்.

அது என்ன பண்ணும்னா, நம்ம வெப்சைட்ல புது போன், புது மெஷின் செய்திக்குக் கீழ வாசகருங்க கமெண்ட் எழுதறீங்க இல்ல, அதையெல்லாம் படிக்கும். யாரு நிஜ ஆளு, யாரு சும்மா பேரை மாத்திக்கிட்டு வர்ற ஆளுன்னு பிரிக்கும். சந்தேகப்பட்டா கணக்கைப் பூட்டும். பத்து நாள் டைம் குடுக்கும். பதினோராவது நாள் எல்லாத்தையும் அழிச்சுடும். உங்களுக்கு இன்னிக்குப் பத்தாவது நாள்.

ஆமா, எல்லாத்தையும்தான். ஒம்பது வருஷம். நாலாயிரத்து முந்நூத்திப் பதினாறு கமெண்ட். நான் எண்ணல சார், அதுவே எண்ணி வச்சிருக்கு.

முதல் கட்டத்துல நீங்க எழுதியாச்சா? எழுதுங்க. பேர், வயசு, வேலை, வெப்சைட்ல என்ன பேர்ல எழுதறீங்க. எட்டாவது மாடி, அதான். அங்க கையெழுத்து. அடையாள அட்டை ஜெராக்ஸ் நான் எடுத்துக்கறேன். அந்தப் படம் தேர்ந்தெடுக்கிறது முடிச்சுட்டீங்களா? சிக்னல் விளக்கு இருக்கற படத்தை எல்லாம் தொடுன்னு கேக்குமே, மனுஷனா மெஷினான்னு பாக்க.

மூணு தடவை தோத்துட்டீங்களா! ஏன் சார்?

அய்யோ, கம்பத்தையும் விளக்கோட சேத்துட்டீங்களா. கம்பம் இல்லாம விளக்கு எப்படி நிக்கும்ங்கறது நியாயம்தான். ஆனா அந்த நியாயம் மெக்கானிக் நியாயம். மாப்பிள்ளைக்கு வெளிச்சம் வர்ற பாகம் மட்டும்தான் விளக்கு. விடுங்க, நேர்ல வந்தவருக்கு அது வேணாம்னு நான் எழுதிக்கறேன்.

இப்பதான் சிக்கல். ரெண்டாவது கட்டம் இருக்கு பாருங்க, அது காலியா இருக்கே, அதுல உங்க வீட்டு அட்ரஸ் எழுதிடாதீங்க. அது உங்களுக்கு இல்ல. அது ஒத்த ஸ்டாருக்கு.

ஆமா சார், அதே ஒத்த ஸ்டார்தான். எந்த போன் வந்தாலும் எந்த ஆப் வந்தாலும் ஒரே ஒரு ஸ்டார் குடுக்கற அந்த ஒத்த ஸ்டார். உங்ககிட்ட ஒம்பது வருஷமா சண்டை போடற ஆள். அவங்க கணக்கையும் பூட்டியிருக்கு. நீங்களும் அவங்களும் ஒரே ஆள்னு மாப்பிள்ளை முடிவு பண்ணிடுச்சு.

சிரிங்க, சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன். ஒரு மனுஷன் தன்னைத்தானே வெண்டைக்காய் மண்டைன்னு திட்டிக்குவானான்னு நீங்க கேக்கறீங்க. மாப்பிள்ளையைப் பொறுத்தவரை திட்டுவான். ரெண்டு பேர்ல வந்து தானே கேள்வி, தானே பதில். அப்படிப் பண்ணி கூட்டம் சேக்கற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க சார்.

ஆதாரம் காட்டறேன், இருங்க. ஸ்க்ரீனை உங்க பக்கம் திருப்பறேன். முதல் ஆதாரம், நேரம். நீங்க எழுதின பத்து நிமிஷத்துல அவங்க எழுதறாங்க. அவங்க எழுதின பத்து நிமிஷத்துல நீங்க எழுதறீங்க. காலையில பத்து மணி, மத்தியானம் மூணு மணி. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமே லீவு. ஒம்பது வருஷமா பள்ளிக்கூட மணி அடிச்சாப்பல.

உங்க காரணம் எனக்குப் புரியுது. பத்து மணிக்கு மெஷின் ரூம்ல டீ குடிப்பீங்க, மூணு மணிக்கு சாப்பிட்டு உக்காருவீங்க, ஞாயித்துக்கிழமை போன் பேரன் கையில. சரி. அவங்க ஏன் அதே நேரம் எழுதணும்னு மாப்பிள்ளை கேக்குது.

எனக்கெப்படி சார் தெரியும்? அவங்களும் அப்பதான் டீ குடிப்பாங்களா இருக்கும்.

ரெண்டாவது ஆதாரம். அவங்க வேற யாருக்குமே பதில் எழுதினதில்ல. லட்சம் பேர் வர்ற இடத்துல உங்களுக்கு மட்டும்தான். கழட்டுற பேட்டரி சண்டை ஞாபகம் இருக்கா? முதல் சண்டையே அதுதான். போன்ல பேட்டரியைக் கழட்ட முடியணும், அது மனுஷனோட உரிமைன்னு அவங்க எழுதினாங்க. நீங்க ஒரே வரி கேட்டீங்க. கடைசியா எப்ப கழட்டினீங்கன்னு. அவ்வளவுதான், தீ பத்திக்கிச்சு. அப்புறம் பாட்டு சண்டை. பாட்டை வாங்கி வச்சுக்கறதா, மாசாமாசம் வாடகை கட்டிக் கேக்கறதான்னு. அது அஞ்சு மாசம் நடந்துச்சு. கதவுல திரை வச்ச ஃப்ரிட்ஜ் வந்தப்ப நீங்க அதை ஆஹா ஓஹோன்னு எழுதினீங்க. உள்ள என்ன இருக்குன்னு கதவைத் திறக்காமலே பாக்கலாம்னீங்க. அதுக்கு அவங்க எழுதினது... நீங்களே சொல்லுங்க.

அதேதான்! உங்க வீட்ல கதவைத் திறந்தா திட்டுவாங்களான்னு கேட்டாங்க. மனப்பாடமா வச்சிருக்கீங்களே.

என்னது, வீட்டம்மா அவங்க கட்சியா? உங்க வீட்டம்மாவா? நிஜமாவா சார்? சாப்பிடறப்ப மருமக சத்தமா படிச்சுக் காட்டுமா? அய்யய்யோ. அதுல உங்களோடது வந்தா எல்லாரும் சாப்பிடுவாங்க, ஒத்த ஸ்டாரோடது வந்தா வீட்டம்மா கை தட்டுவாங்களா. எனக்கு இது தெரியாதே சார். தெரிஞ்சிருந்தா... ஒண்ணும் இல்ல. புரையேறிடுச்சு. நீங்களும் ஒரு வாய் தண்ணி குடிங்க.

மூணாவது ஆதாரத்துக்கு வரேன். நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி படிக்கட்டுல விழுந்து கால் உடைஞ்சு கிடந்தீங்க. ஆஸ்பத்திரில போனைத் தொட விடல, பன்னெண்டு நாள் நீங்க எழுதல. சரியா? அந்தப் பன்னெண்டு நாளும் ஒத்த ஸ்டாரும் எழுதல. அந்த வாரம் ரெண்டு பெரிய போன் வந்துச்சு சார். மத்த நாளா இருந்தா அவங்க விடுவாங்களா? ஒரு எழுத்து இல்ல. பதிமூணாவது நாள் நீங்க வந்து, படுத்துக்கிட்டே டைப் அடிக்கறேன்னு எழுதினீங்க. எட்டாவது நிமிஷம் அவங்க வந்துட்டாங்க. லிஃப்ட் மெக்கானிக் படிக்கட்டுல விழுந்த செய்தியை முதல் பக்கத்துல போடணும்னு எழுதினாங்க.

ஆமா, கொஞ்சம் வாய் அதிகம்தான். ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரியும் இருந்துச்சே, காலைக் கீழ தொங்க விடாதீங்க, தலகாணி மேல வைங்கன்னு. அதை ஏன் விட்டுட்டீங்க?

சரி சரி, கோவமெல்லாம் இல்ல. எனக்கெதுக்கு கோவம்? நான் கமெண்ட் பாக்கறவ. கெட்ட வார்த்தை வந்தா எடுப்பேன், விளம்பரம் வந்தா எடுப்பேன், அவ்வளவுதான் என் வேலை. உங்க ரெண்டு பேரோடதுல எடுக்க ஒண்ணும் இருக்காது. வெண்டைக்காய் மண்டையைக் கெட்ட வார்த்தைப் பட்டியல்ல சேக்கலாமான்னு ஒரு தடவை கேட்டாங்க, நான்தான் காய்கறியெல்லாம் சேக்க வேணாம்னு சொல்லிட்டேன்.

நாலாவதுதான் மாப்பிள்ளை மார்தட்டிச் சொல்ற ஆதாரம். ஒவ்வொரு கமெண்ட் பக்கத்துலயும் சின்னதா ஒரு கொடி இருக்கும் பாருங்க. அதைத் தொட்டா புகார். இவன் என்னை அவமானப்படுத்தறான்னு எங்களுக்கு வந்துடும். சாதாரணமா ரெண்டு பேர் மூணு நாள் சண்டை போட்டா நாலு புகார் வரும். நீங்க ரெண்டு பேரும் ஒம்பது வருஷம் சண்டை போட்டிருக்கீங்க. நீங்க அவங்க மேல குடுத்த புகார் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. அவங்க உங்க மேல குடுத்தது? அதுவும் இல்ல. நிஜமான எதிரிங்க இப்படி இருக்க மாட்டாங்க, அதனால இது ஒரே ஆள்னு எழுதியிருக்கு பாருங்க, தொண்ணூத்தி ஏழு சதவீதம் உறுதின்னு.

நீங்க கேக்கறது எனக்கும் தோணுச்சு. சண்டை போடறவங்க எதிரியா இருந்துதான் ஆகணுமா? மாப்பிள்ளைக்கு யாரு சார் இதையெல்லாம் சொல்லிக் குடுத்தா? அதுக்கு ரெண்டே வகைதான் தெரியும், ஒண்ணு எதிரி, இல்லன்னா ஒரே ஆள்.

மணி நாலு இருபத்தஞ்சு.

எடிட்டர் போட்ட சட்டம் இதுதான். ரெண்டு பேரும் வேற வேற ஆள்னு நிரூபிக்கணும்னா ரெண்டு பேரும் அஞ்சு மணிக்குள்ள நேர்ல வந்து, ஒரே தாள்ல ரெண்டு கட்டத்துலயும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் வந்தா பத்தாது. ஏன்னா ஒருத்தர் வந்தா, ஒருத்தர்தான் இருக்காருன்னுதான் அர்த்தம்ங்கறார். நானும் சொல்லிப் பாத்தேன். கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்கார் பாருங்க, காதுல ஹெட்போன் போட்டுக்கிட்டு, அவர்தான். மாப்பிள்ளை அனுப்பின ரிப்போர்ட்டை மாப்பிள்ளை குரல்லயே கேட்டுக்கிட்டிருக்கார்.

அவங்களுக்கும் மெயில் அனுப்பினோம் சார், அதே நாள், அதே நிமிஷம். சரியான அட்ரஸ்தான். போய்ச் சேந்துச்சு, திறந்து படிச்சாச்சுன்னும் காட்டுது. பதில்தான் இல்ல.

அப்படிச் சொல்லாதீங்க. பயந்துட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. அவங்களுக்கு என்ன கஷ்டமோ. வந்தா அவங்களுக்கு ஏதாவது நஷ்டம் வரலாம் இல்ல?

ஒரு விஷயம் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒத்த ஸ்டார் எப்படி இருப்பாங்கன்னு நினைக்கறீங்க? சும்மா சொல்லுங்க.

ரிட்டயர் ஆன வாத்தியாரா! வழுக்கையா? மூக்குக் கண்ணாடி, கயிறு கட்டினது. ம். சட்டைப் பையில மூணு பேனா. சரி, மூணும் எழுதாதா? நல்லாத்தான் சார் கற்பனை பண்ணியிருக்கீங்க. பொம்பளையா இருந்தா?

ஏன் இருக்கக் கூடாது? உங்க வீட்டம்மா அப்படித்தான் சொல்றாங்களா? கெட்டிக்காரங்க சார் அவங்க.

இன்னொண்ணு கேக்கறேன். அவங்க நிஜமான வாசகரே இல்லாம, இந்த ஆபீஸே ஏற்பாடு பண்ணின ஆளா இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?

ம்.

ஏமாந்த மாதிரி இருக்கும். அது சரி. எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இல்ல, காரணம் இருக்கு, கேட்டேன். ஒரு பழைய கதை சொல்றேன், சீக்கிரம் முடிச்சுடறேன். இந்த வெப்சைட் ஆரம்பிச்ச வாரம் ஒரு கமெண்டும் வராது சார். செய்தி போடுவோம், கீழ வெறிச்சோடிக் கிடக்கும், ஆள் இல்லாத கடை மாதிரி. அப்ப இருந்த எடிட்டர் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பொய்ப்பேர் வச்சுக்கிட்டு கொஞ்ச நாள் எழுதுங்க, நாலு பேர் நின்னாத்தான் அஞ்சாவது ஆள் உள்ள வருவான்னார். எழுதினோம். ஒரு வாரத்துல எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு, விட்டுட்டாங்க. எட்டாவது நாள் நிஜமான வாசகர் ஒருத்தர் வந்தார். அவர் கேட்ட கேள்வியில ஒருத்தருக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பு வந்துடுச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பதில் எழுதாம இருக்க முடியல.

அப்புறம் எடிட்டர் மாறிட்டார். புது எடிட்டர் ஒரு சுற்றறிக்கை விட்டார். உங்களுக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டியிருக்கே, அதேதான். ஊழியர் யாரும் வாசகர் மாதிரி கமெண்ட் எழுதக் கூடாது. எழுதினா வேலை கிடையாது. டைப் அடிச்சு, பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலயும் பசை தடவி ஒட்டினது நான்தான். ஒரு மூலை கொஞ்சம் கோணல், தெரியுது.

அந்த ஒருத்தரா? அவங்க நிறுத்திடலாம்னுதான் பாத்தாங்க சார். ஒரு வாரம் நல்லாவே கட்டுப்படுத்திக்கிட்டாங்க. அப்புறம் அந்த வாசகர், கறுப்பு இங்க் நிறைய இருந்தும் நீலம் தீந்துபோச்சுன்னு அச்சடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிரிண்டர் இருக்கு பாருங்க, அதுக்கு வக்காலத்து வாங்கி ஒரு கமெண்ட் எழுதினார். அந்த பிரிண்டருக்கும் ஒரு மனசு இருக்கும்னு. யாரால சார் சும்மா இருக்க முடியும்? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தொடல. சொந்த போன், சொந்த டேட்டா, டீ குடிக்கிற நேரம். ஆபீஸுக்காக எழுதினது முதல் ஏழு நாள்தான். மிச்சம் ஒம்பது வருஷமும் யாரும் எழுதச் சொல்லல.

உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க. இது எழுத மாட்டேங்குது.

மணி நாலு நாப்பது ஆயிடுச்சு. இந்தத் தாளை ஒழுங்கா நிரப்பிடறேன். அடித்தல் திருத்தல் இருந்தா எடிட்டர் திருப்பி அனுப்பிடுவார், மறுபடி முதல்லேர்ந்து எழுதணும். கொஞ்சம் கையை எடுங்க, தாள் மடங்குது. ரெண்டாவது கட்டம். பேர்... எழுதியாச்சு. வயசு அம்பத்தி மூணு. வேலை, வாசகர் கமெண்ட் பாக்கறது. வெப்சைட்ல எழுதற பேர், ஒத்த ஸ்டார். கையெழுத்து. தேதி. அடையாள அட்டை கழுத்துலயே தொங்குது, ஜெராக்ஸ் எடுத்துடறேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு பேரும் நேர்ல வரணும்னுதானே சட்டம். நீங்க மூணு மாடி ஏறி வந்தீங்க. நான் காலையில எட்டரைக்கே வந்துட்டேன்.

அய்யோ, எந்திரிக்காதீங்க, அந்த நாற்காலியில இடிச்சுக்கப் போறீங்க. அந்தப் பன்னெண்டு நாளா? எதிர்ல ஆள் இல்லாம யார்கூட சார் சண்டை போடறது? ரெண்டு தடவை எழுதிப் பாத்தேன். நல்லாவே இல்ல, அழிச்சுட்டேன்.

பத்து நாளா இந்தத் தாளை எடுப்பேன், வைப்பேன். இன்னிக்குக்கூட நீங்க படியேறி வரலன்னா அப்படியே விட்டிருப்பேன்னுதான் நினைக்கறேன். வேணாம் சார், கிழிக்காதீங்க, குடுங்க இப்படி. என் வேலைக்காக நாலாயிரத்து முந்நூத்திப் பதினாறும் போகட்டும்னு சொல்றது பெரிய மனசுதான், ஆனா அதுல பாதி சண்டை என்னோடது. உங்க இஷ்டத்துக்கு அழிக்க முடியாது.

நீங்க இங்கயே இருங்க. நான் உள்ள போய் எடிட்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரேன். ஹெட்போனைக் கழட்டச் சொல்லித்தான் சொல்லணும், இது நேர்ல கேக்க வேண்டிய விஷயம். சத்தம் வந்தா பயப்படாதீங்க, அவருக்கு எப்பவும் தொண்டை கொஞ்சம் பெருசு. வேலை இருந்தா இருக்கட்டும். போனா... நான் அதையும் யோசிச்சுட்டேன் சார். ஊழியர் கமெண்ட் எழுதக் கூடாதுன்னுதானே அந்தச் சுற்றறிக்கையில போட்டிருக்கு? வேலை போயிடுச்சுன்னா நான் வெறும் வாசகி. என்னை யார் என்ன கேக்க முடியும்? ஞாயித்துக்கிழமைகூட எழுதுவேன். அதனால பேரன்கிட்டேர்ந்து போனைக் கொஞ்சம் வாங்கி வைங்க.